பட்டிப்பொலவுக்குப் போய்விட்ட வாத்தியார்

ஹட்டன் ஸ்டேஷனில் நான் இறங்கினேன். ஒன்பது வயது செல்வி இறங்கினாள். ஐந்து வயது பாலு இறங்கினான். மூன்று டிரங்குப் பெட்டிகளும் ஒரு படுக்கைச் சுருட்டும் ஓர் அரிவாள்மணையும் இறங்கின. என் வீட்டுக்காரர் மட்டும் இறங்கவில்லை.

நானும் குழந்தைகளும் பெண்கள் பெட்டியில் வந்தோம். அவர் நாலு பெட்டி தள்ளி ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றதும் ஓடிவந்து சாமான்களை இறக்குவார் என்று பார்த்தேன். போர்ட்டர்தான் இறக்கினார். விசில் ஊதி வண்டி நகர்ந்தபோது ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினேன். கடைசிக்கு முந்தின பெட்டியில், ஜன்னல் சட்டத்தில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, அயர்ந்து தூங்கியபடி என்னைக் கடந்து போனார். செல்வி பிளாட்பாரம் முடிகிறவரை "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். இரண்டு ராத்திரி கண் மூடாமல் எங்களைக் காவல் காத்துக்கொண்டு வந்த மனுஷன், இறங்க வேண்டிய இடத்தில் தூங்கிவிட்டார்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. அதற்காகத்தான் உறையூரை விட்டுக் குடும்பத்தோடு கிளம்பினோம். வேலைக் கடிதம், பாஸ்போர்ட், இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதிச் சீட்டு எல்லாம் அவருடைய சட்டைப் பையில் இருந்தன. என் கையில் இருந்தது முறுக்கு டப்பா.

பயந்துபோய் அழுதிருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அழுகை வரவில்லை. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. பாலு "ஹா, ஹா" என்று ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான். உறையூரில் ஆனி மாதத்தில் மத்தியானம் வாசல் கல்லில் கால் வைக்க முடியாது. இங்கே அதே ஆனி மாதத்தில், அதே மத்தியானத்தில், ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த மலை மேகத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. அவரைத் தொலைத்துவிட்டோமே என்ற கவலைக்கு நடுவிலும் இந்த மலையை அவர் பார்க்காமல் தூங்கிக்கொண்டு போகிறாரே என்றுதான் முதலில் தோன்றியது.

ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களக்காரர். அவருடைய தமிழ் டிக்கெட்டுக்கும் சாமானுக்கும் போதுமான தமிழ். வீட்டுக்காரர் தூங்கிப் போய்விட்டார் என்பதை நான் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி நடித்துக் காட்டினேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டு உள்ளே போய் மேல் ஸ்டேஷன்களுக்குத் தகவல் கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். கடைசியில் பட்டிப்பொலவிலிருந்து பதில் வந்தது. பட்டிப்பொல என்பது அந்தப் பாதையிலேயே உயரத்தில் இருக்கிற ஸ்டேஷனாம். அங்கே வேட்டி கட்டிய ஓர் ஆள் குளிரில் நடுங்கிக்கொண்டு, தன் மனைவியும் பிள்ளைகளும் காணாமல் போய்விட்டதாகப் புகார் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம்.

இன்றைக்கு அவர் திரும்ப முடியாது, நாளைக்குத்தான் என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அந்த நேரத்தில் லாரியோடு வந்து சேர்ந்தார் காசிம் நானா. நோர்வூட்டில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஹட்டனுக்குச் சரக்கு எடுக்க வரும்போது வாத்தியார் குடும்பத்தையும் ஏற்றி வரும்படி தோட்டத்திலிருந்து சொல்லியிருந்தார்களாம். வாத்தியார் எங்கே என்று கேட்டார். ஏதோ வேலையாக அனுப்பி வைத்தவள் மாதிரி, பட்டிப்பொலவுக்குப் போயிருக்கிறார் என்றேன்.

"அங்க பள்ளிக்கூடம் இல்லையே, தங்கச்சி" என்றார் அவர்.

ஸ்டேஷனிலேயே தங்கி நாளை அவரோடு போகலாமா, இப்போதே லாரியில் ஏறலாமா என்று யோசித்தேன். காசிம் நானா சொன்ன ஒரு சேதிதான் என்னை ஏற வைத்தது. பழைய வாத்தியார் போய் ஆறு மாதமாகப் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. தோட்டத்துத் துரை வெள்ளைக்காரர். அவருக்கு உர மூட்டை வைக்க இடம் போதவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்காவிட்டால் அந்தக் கட்டடத்தை உரக் கிடங்காக்கிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். திண்ணைப் பக்கம் இப்போதே மூட்டை அடுக்க ஆரம்பித்தாகிவிட்டது. திங்கட்கிழமை என்பது நாளை.

லாரியில் ஏறினோம். வளைவுக்கு வளைவு ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. காவிரியில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று காத்திருந்து பழகிய எனக்கு, யாரோ குழாயை மூட மறந்துவிட்ட மாதிரி இருந்தது. மலை முழுக்க ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட தேயிலைச் செடிகள். செல்வி இருபது வரை வளைவுகளை எண்ணினாள். பிறகு வாந்தி எடுத்தாள். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.

நோர்வூட்டில் காசிம் நானா தன் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் எங்களை உட்காரவைத்துச் சாப்பாடு போடச் சொன்னார். சுடச்சுடத் தேங்காய் போட்ட ரொட்டி, சிவப்பாக ஒரு சம்பல், பால் இல்லாத தேநீர். தேநீரில் சர்க்கரை போடுவதில்லை. உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்துக்கொண்டு கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். காப்பி குடித்து வளர்ந்த நாக்கு முதல் வாயில் முறைத்தது, மூன்றாம் வாயில் சமாதானமாகிவிட்டது. சம்பல் அபார ருசி. என்ன சம்பல் என்று கேட்டேன். மாசிச் சம்பல் என்றார் அவருடைய மனைவி. மாசி என்றால் எனக்குத் தெரிந்தது மாதம்தான். அந்த மாதத்தில் போடுகிற சம்பல் போல என்று நினைத்து இரண்டு ரொட்டிக்கும் தொட்டுக்கொண்டேன். மாசி என்பது உலர்த்திய மீன் என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அதற்குள் பாலு அது இல்லாமல் ரொட்டி சாப்பிட மாட்டான் என்ற நிலைக்கு வந்திருந்தான்.

நோர்வூட்டுக்கு அப்பால் மண் சரிந்து பாதையை மறித்துக் கிடந்தது. லாரி நின்றுவிட்டது. தோட்டத்திலிருந்து வந்திருந்த இரண்டு ஆட்கள் பெட்டிகளைத் தலையில் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினார்கள். நாங்கள் பின்னால் நடந்தோம். தூறலும் வழுக்கலுமாக ஒன்றரை மைல். போய்ச் சேர்ந்தபோது பாலுவின் காலில் கறுப்பாக நாலு புழு ஒட்டிக்கொண்டிருந்தது. அட்டை. நான் பிடுங்கப் போனேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒரு பெண் என் கையைத் தள்ளிவிட்டு, சவுக்காரக் கட்டியை நனைத்து அவற்றின் மேல் தேய்த்தாள். நாலும் சுருண்டு விழுந்தன.

"அட்டைய பிச்சா தலை உள்ளயே தங்கிரும்மா. நாளைக்குச் சொரிஞ்சு சொரிஞ்சு புண்ணாயிரும்" என்றாள்.

அவள் பெயர் மூக்காயி. எங்களுக்குக் கொடுத்திருந்த இரண்டு அறை வீட்டுக்கும் தொழிலாளர் குடியிருக்கும் நீள வரிசை வீடுகளுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அந்த வரிசை வீடுகளை லயம் என்கிறார்கள். அதில் முதல் அறை அவளுடையது. அடுப்பு மூட்டிக் கொடுத்தாள். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்கிற தன் கம்பளியைக் கொண்டுவந்து பிள்ளைகள் மேல் போர்த்தினாள். நான் வந்த ஊரைக் கேட்டாள். சொன்னேன். அவளுடைய அப்பாவும் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவராம். அந்த ஊருக்கு நீங்கள் போனதுண்டா என்று கேட்டேன். எதுக்கும்மா போகணும், நான் இங்க பொறந்தவ என்றாள். எங்கள் கடுதாசியில் அந்தத் தோட்டத்துக்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. மூக்காயி சொன்ன பெயர் ஒத்தமரத் தோட்டம். அதையே நாங்களும் வைத்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை இருட்டோடு தப்புச் சத்தம் கேட்டு விழித்தேன். எங்கள் ஊரில் விடியுமுன் தப்பு அடித்தால் சாவு. யாரோ தவறிவிட்டார்கள் என்று பதறி, பிள்ளைகளை எழுப்பாமல் வெளியே வந்தேன். மூக்காயி கூடையைத் தலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். யார் செத்தது என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். ஆட்களைக் கூட்டி நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற காலைக் கூட்டத்துக்குப் பெரட்டு என்று பெயர். அதற்கு எழுப்புகிற தப்பு அது. தினமும் அடிக்கும் என்றாள்.

ஏழரை மணிக்குப் பதினேழு பையன்கள் பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். கையில் சிலேட்டுப் பலகை, தோளில் மழைக்குப் போர்த்திய சாக்கு. வயல் கண்காணிப்பாளரான கண்டாக்கு ஐயா சாவியைக் கொண்டுவந்தார். வாத்தியார் பட்டிப்பொலவில் இருக்கிற சேதி அதற்குள் தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. அவர் சாவியை என்னிடம் கொடுக்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. வாத்தியார் இல்லாமல் பள்ளிக்கூடம் திறந்ததாகத் தொரைகிட்ட எப்படிச் சொல்றதும்மா என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். ஒரே ஒரு வருஷம் வேலை பார்த்தேன். பிறகு செல்வி பிறந்தாள். ஒன்பது வருஷமாக அந்தச் சான்றிதழை டிரங்குப் பெட்டியின் அடியில் பாச்சை உருண்டையோடு போட்டு வைத்திருந்தேன். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அன்று சாவிக்குக் கை நீட்டினேன்.

"வாத்தியார் இருக்காருங்க. நான்தான்" என்றேன்.

அவர் என்னையும் பார்த்தார், பதினேழு பையன்களையும் பார்த்தார். சாவியைக் கொடுத்தார்.

உள்ளே ஒரு கரும்பலகை, கால் ஒடிந்த மேசை, கூரையில் ஒரு குருவிக்கூடு. அன்று முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வாய்க்காலை ஒரே தாண்டாகத் தாண்டினேன் என்று செல்வி பின்னால் பல நாள் சொல்லிக் காட்டினாள்.

பெண் பிள்ளைகள் ஒன்றுகூட வரவில்லை என்பதை அன்று மாலைதான் கவனித்தேன். செல்வி அதற்குள் லயத்தில் ஏழெட்டுப் பேரோடு சிநேகமாகிவிட்டிருந்தாள். எல்லாரும் இடுப்பில் ஒரு தம்பியையோ தங்கையையோ தூக்கிக்கொண்டுதான் விளையாடினார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஓர் இடம் உண்டு. அதில் இடம் போதவில்லை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போய்விட்டால் வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைதான் தாய். மூக்காயியின் மகள் பாக்கியத்துக்குப் பதினோரு வயது. அவள் தம்பிக்கு ஒரு வயது. அவனை இறக்கிவிட்டு அவள் எங்கேயும் போனதில்லை.

அப்படியானால் தூக்கிக்கொண்டே வரட்டும் என்று மூக்காயியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை அழுதால் என்று கேட்டாள். வீட்டில் அழுதால் என்ன செய்வாள் என்று கேட்டேன். தூக்கிவெச்சு ஆட்டுவா என்றாள். இங்கேயும் ஆட்டட்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு பெண் பிள்ளைகள் வந்தார்கள். கூடவே ஏழு குழந்தைகள். இவர்களுக்காக ஒரு மூலையில் சாக்கு விரித்தேன். செல்வியையும் பாலுவையும் அந்த மூலைக்குப் பொறுப்பாக வைத்தேன். பாலு தன்னைவிடச் சின்னவர்களைப் பார்த்ததே சந்தோஷமாகப் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் முழுவதையும் அவர்களுக்குத் தின்னக் கொடுத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் காசிம் நானா ஆள் அனுப்பியிருந்தார். ரயில் பாதையில் மண் சரிந்து கிடக்கிறதாம். வாத்தியார் பட்டிப்பொலவில் பத்திரமாக இருக்கிறார், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் சாப்பாடு, பாதை சரியானதும் வருவார். உரக் கிடங்குச் சேதி ஸ்டேஷன் மூலமாக அவருக்கும் எட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தை எப்படியாவது பூட்டாமல் பார்த்துக்கொள்ளும்படி துரையிடம் கெஞ்சிக் கேள் என்று எனக்குச் சொல்லச் சொன்னாராம். பாவம், மூன்று நாளாக அந்தக் குளிரில் அவர் கவலைப்பட்டதெல்லாம் அதைத்தான்.

புதன்கிழமை துரை வந்தார். மோட்டார் சைக்கிள் சத்தம் முதலில் வந்தது. பின்னாலேயே குடையோடு ஓடிவந்தார் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிளாக்கர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். துரைக்கும் தமிழ் ஆட்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பது அவர் வேலை. வாசலிலேயே என்னிடம் மெல்ல, "நீங்கள் சும்மா நில்லுங்கோ. நான் கதைக்கிறன்" என்றார். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் கதை விடுவது. இவர் என்ன கதை விடப் போகிறாரோ என்று எனக்குக் கலக்கமாக இருந்தது.

துரைக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அரைக்கால் சட்டை, முழங்கால் வரை கம்பளிச் சாக்ஸ். பையன்களைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். சாக்கில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இது பள்ளிக்கூடமா, பிள்ளைக் காம்பராவா என்று கிளாக்கரிடம் இங்கிலீஷில் கேட்டார்.

கிளாக்கர் என் பக்கம் திரும்பி, "துரை உங்கட முயற்சியை நல்லது எண்டு சொல்லுறார்" என்றார்.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு இங்கிலீஷ் ஒரு பாடம். பேசிப் பழக்கமில்லை, ஆனால் காதில் விழுந்தால் புரியும். நான் துரையைப் பார்த்து இங்கிலீஷிலேயே, "இரண்டும்தான், ஐயா" என்றேன்.

கிளாக்கரின் குடை சாய்ந்துவிட்டது. துரை என் பக்கம் முழுசாகத் திரும்பினார். நான் யார், யார் என்னை வேலைக்கு வைத்தது என்று கேட்டார். வாத்தியாரின் மனைவி, அவர் வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறார், நானும் பயிற்சி பெற்றவள் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அத்தாட்சி உண்டா என்றார். செல்வியை வீட்டுக்கு ஓடச் சொன்னேன். அவள் போய் வருவதற்குள் பாக்கியத்தின் தம்பி துரையின் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். துரை காலை நகர்த்தவில்லை.

பாச்சை உருண்டை வாசனையோடு சான்றிதழ் வந்தது. கடைசி வரி வரைக்கும் படித்தார். பதினோரு வயதில் கொழுந்துக்குப் போகப் போகிற பெண்களுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. அதற்கு இங்கிலீஷில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பாக்கியத்தைக் கூப்பிட்டேன். அவள் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் எழுதிப் பார்த்த ஒரே சொல்லைக் கரும்பலகையில் எழுதினாள். முதல் எழுத்து பெரிதாகவும் கடைசி எழுத்து எறும்பு மாதிரியும் வந்தது. துரைக்கு அது படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறாள் என்று கிளாக்கரைக் கேட்டார்.

கிளாக்கர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அவளின்ட பேர், சேர்" என்றார்.

துரை சற்று நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போகும்போது திண்ணையில் அடுக்கியிருந்த உர மூட்டைகளைக் காட்டி, இவற்றைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுங்கள் என்று கிளாக்கரிடம் சொன்னது கேட்டது. மோட்டார் சைக்கிள் சத்தம் மறைகிறவரை பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள். பிறகு அன்றைக்குப் பாடம் நடத்த முடியவில்லை. எல்லாரும் தங்கள் பெயரை எழுதித் தரச் சொல்லி மேசையைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். கணுக்கால் வரைக்கும் தொங்குகிற ரயில்வே ஓவர்கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். முதுகில் ஒரு மூட்டை. மூட்டையில் பட்டிப்பொல ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி கொடுத்தனுப்பிய, கோவா என்று இங்கே சொல்கிற ஒரு பெரிய முட்டைக்கோஸும், வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி தடித்த ஒரு கட்டு லீக்ஸும். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சிங்களம் தெரியாது. சாதம் போதும் என்று சொல்லத் தெரியாததால் முதல் நாள் ஐந்து தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இரண்டாம் நாள் முதல் வேலையாக 'எத்தி' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டாராம். எத்தி என்றால் போதும்.

இதையெல்லாம் அவர் சொன்னது பிறகுதான். வந்தவர் நேரே பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஓவர்கோட்டோடு நிற்பவரைப் பாலுதான் முதலில் பார்த்தான். நான் திரும்பினேன். அவர் கையைக் காட்டி, நடத்து என்றார். மணி அடிக்கும் வரை மழையில் அங்கேயே நின்றார். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே நடத்தினேன்.

அன்று லீக்ஸைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரித்தேன். அருமையாக இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினோம். சாப்பாடு முடிந்ததும் வருகைப் பதிவை அவரிடம் கொடுத்தேன். வேலை அவருடையது. கடிதம் அவர் பெயருக்குத்தான் வந்தது. நாளையிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓய்வெடு என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு ஓய்வு வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டில் இருந்தேன். அரிசி புடைத்தேன். வாய்க்காலுக்கு அப்பால் பையன்கள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் நன்றாகக் கேட்டது. அவர் நல்ல வாத்தியார், அதில் சந்தேகமில்லை. ஆனால் எட்டு மணிக்கெல்லாம் பாக்கியம் தம்பியோடு திரும்பி வருவதைப் பார்த்தேன். அவள் பின்னால் மற்றவர்களும். குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்று முழுவதும் அவர்கள் திரும்பிப் போகவில்லை.

சாயங்காலம் மூக்காயி வேலை முடிந்து கூடையோடு நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள். அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஐயா நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறீங்க. எம் பொண்ணு இனிமே வரமாட்டாங்க. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். புள்ளைய வாய்க்காங்கரையில போட்டுட்டு அவ எப்படி வருவா?"

அவள் கோபப்படவில்லை. அவள் போன பிறகு அவர் வெகுநேரம் ஓவர்கோட்டுப் பித்தான் ஒன்றைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"நான் இன்னும் நாலு நாள் பட்டிப்பொலவிலேயே இருந்திருந்தால் நல்லது என்று நினைக்கிறாயா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இன்றைக்குக் காலையில் நினைத்தேன்" என்றேன்.

"ஜன்னலுக்கு வெளியே நின்றபோதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும்தான் பதிவை வாங்கிக்கொண்டேன்" என்றார்.

சனிக்கிழமை இருவருமாக ஆபீசுக்குப் போனோம். அவர்தான் பேசினார். பள்ளிக்கூடத்தைத் திறந்தது தான் இல்லை என்றும், தன் ஒருவனால் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் சொல்ல முடியும் என்றும், மறுபாதிக்கு இவளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இந்தத் தடவை கிளாக்கர் ஒரு சொல்லையும் மாற்றாமல் மொழிபெயர்த்தார், நான் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் பார்க்கலாம், பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையாமல் இருந்தால் மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார் துரை. மூன்று மாதத்தில் பதினோரு பேர் பத்தொன்பது ஆனார்கள். நாலாவது மாதம் என் பெயருக்கும் ஒரு கடிதம் வந்தது. அது வந்த நாளைவிட அந்தச் சனிக்கிழமைதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் மழை விட்டது. மேகம் ஒரு பக்கமாக ஒதுங்கி, சிவனொளிபாத மலையின் உச்சி கூம்பாகத் தெரிந்தது. வழியில் கண்ட சிங்களக் காய்கறிக்காரரிடம் அவர் பட்டிப்பொலவில் கற்றுக்கொண்ட நாற்பது சிங்களச் சொற்களையும் ஒரே மூச்சில் பிரயோகித்தார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஐயாவுக்கு என்ன வேண்டும் என்று தமிழில் கேட்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நடுவில் என் பழைய புடவை ஒன்றைக் குறுக்கே கட்டினோம். அந்தப் பக்கம் அவரும் பையன்களும். இந்தப் பக்கம் நானும் பெண்களும் சாக்கு மூலையும். மூக்காயி வேலைக்குப் போகிற வழியில் பாக்கியத்தைத் தானே கொண்டுவந்து விட்டாள்.

ஒன்பது மணி வாக்கில் பாக்கியத்தின் தம்பி புடவைக்கு அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போய்விட்டான். நான் அசையாமல் நின்றேன். அந்தப் பக்கத்தில் ஏழாம் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு. சத்தம் சட்டென்று நின்றது. குழந்தை சிணுங்கியது கேட்டது. பாக்கியம் எழுந்துகொண்டாள், நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். மறுபடி அவர் குரல், மூவேழ் இருபத்தொன்று. புடவையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். குழந்தையைத் தோளில் போட்டு, வாய்ப்பாட்டுக்குத் தக்கபடி தட்டிக்கொண்டே மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். ஏழாம் வாய்ப்பாடு முடியுமுன் அவன் தூங்கிவிட்டான். எட்டாம் வாய்ப்பாட்டை அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். பதினேழு பையன்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டே திருப்பிச் சொன்னார்கள்.